சோப்புத்தூள் டப்பாவில் ஒளித்தது

தையலக்காவின் நாத்தனார் தன் கையால் துணி துவைத்து வருஷக்கணக்காகிறது. அன்று காலை சால்வையில் டீயைக் கொட்டிக்கொண்டவர், இரண்டு தரம் கூப்பிட்டும் தையலக்கா எழுந்து வரவில்லை என்ற கோபத்தில், "சரி, எனக்கென்ன கை இல்லையா?" என்று தானே சலவை மெஷின் இருக்கும் பக்கம் விறுவிறுவென்று போனார். சோப்புத்தூள் டப்பாவுக்குள் கையை விட்டார். தூளுக்கு நடுவில் மொழுமொழுவென்று ஏதோ தட்டுப்பட்டது. அதற்கு வாலும் இருந்தது.

"ஐயையோ... எலி! எலி!"

வீடே ஓடி வந்தது. தையலக்காவின் வீட்டுக்காரர் பாதி முகம் சவரமும் பாதி முகம் நுரையுமாக வந்தார். அவருடைய தம்பி காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றாமலே துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். தையலக்கா மட்டும் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அது எலி இல்லை என்று அந்த நேரத்தில் அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தம்பி டப்பாவைத் தரையில் கவிழ்த்தான். பிளாஸ்டிக் பையில் சுற்றிய கறுப்புக் கட்டி ஒன்று நீள ஒயரோடு வந்து விழுந்தது. அவன் அதை எடுத்து ஊதினான், திருப்பிப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

"எலி இல்லக்கா. இது நம்ம வைஃபை டப்பாவோட அடாப்டர்."

குட்டு உடைந்துவிட்டது.

ஒரு மாதமாக அந்த வீட்டு இன்டர்நெட்டுக்குப் பேய் பிடித்திருந்தது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் போய்விடும். விடிந்தால் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளும். கணவர் போன பிறகு பெரிய தம்பி வீட்டோடு வந்துவிட்ட நாத்தனாருக்கு ராத்திரித் தொடர்தான் பொழுதுபோக்கு. அதில் எந்த மருமகளை எந்த மாமியார் எப்படிக் கவிழ்த்தாள் என்பது தெரியாமல் அவருக்கு ஒரு மாதமாகச் சரியாகச் செரிக்கவில்லை. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பிக்கோ ராத்திரி ராத்திரி மீட்டிங். நாள் முழுக்க "மீட்டிங்ல இருக்கேன்" என்றே சொல்வதால் அவன் பெயரே வீட்டில் மீட்டிங் என்றாகிவிட்டது. நெட் போன நாள்களில் அவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடி, தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று போன் சிக்னலில் பேசினான்.

வைஃபை டப்பா இருந்தது அண்ணன் அண்ணி அறையில், அலமாரிக்கு மேலே. ராத்திரியில் அந்த அறைக்குள் கால் வைக்கும் வழக்கம் மீட்டிங்குக்குக் கிடையாது. வாசலில் நின்று, "அண்ணா, டப்பாவுல ஒயர் எல்லாம் சரியா இருக்கா பாரு" என்பான். அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தன் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் தடவிக்கொண்டிருப்பவர். அண்ணாந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்குப்பா" என்பார். கம்பெனியிலிருந்து ரிப்பேர்காரர் மூன்று தரம் வந்தார். பகலில் வந்ததால் எல்லாமே ஒழுங்காக வேலை செய்தது.

அடாப்டரை விடிவதற்குள் திரும்ப மாட்டிவிடுவது தையலக்காவின் வழக்கம். அன்றைக்கு மட்டும் மகளைப் பரீட்சைக்கு அனுப்பும் பரபரப்பில் மறந்துவிட்டாள். அதுதான் வினையாகிவிட்டது.

"யாரு பார்த்த வேலை இது?" நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

தையலக்கா எழுந்து வந்தாள். அவளுக்குப் பொய் வராது. பேசாமல் இருக்க மட்டும் தெரியும்.

"நான்தான் அக்கா."

"நீயா! ஒரு மாசமா நீதானா? அந்த ரிப்பேர்காரரை நான் என்ன பேச்சு பேசினேன்... 'எங்க மேல தப்பே இல்லம்மா'ன்னு அந்த மனுஷன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணாரே! நீயும் பக்கத்துலயே நின்னு டீ குடுத்தியே!"

"பாவமா இருந்துச்சு அக்கா. அதான் பிஸ்கட்டும் வெச்சேன்."

"நக்கலா?"

நக்கல் இல்லை. உண்மையாகவே பாவமாகத்தான் இருந்தது அவளுக்கு.

"ஏன் இப்படிப் பண்ண? வாயத் தொறந்து சொல்லு!"

தையலக்கா தரையைப் பார்த்தாள். கொட்டிய சோப்புத்தூள் காலடியில் நரநரத்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அந்த வார்த்தையைத்தான் சொல்ல மாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"நீ சொல்லவேண்டாம். எனக்கே தெரியும்." நாத்தனாருக்குப் பார்க்காமல்போன தொடரெல்லாம் சேர்ந்து ஒரு கதையாகக் கைகொடுத்தது. "போன வாரம் இவன், 'நெட்டு இப்படியே இருந்தா தனியா ரூம் எடுத்துட்டுப் போயிடலாம்போல'ன்னு சொன்னான். நீ என்ன சொன்ன? 'உன் இஷ்டம் தம்பி'ன்னு சொன்ன! என் காதால கேட்டேன். ஒரு பேச்சுக்காவது, 'ஏன் தம்பி போற'ன்னு கேட்டியா? அவனை விரட்டத்தானே ராத்திரி ராத்திரி கரண்டைப் புடுங்கின!"

"அக்கா! கடவுளே... அப்படி இல்லக்கா!"

"அப்போ எப்படி?"

தையலக்கா குனிந்து, சிந்திய தூளைக் கையால் அள்ளத் தொடங்கினாள். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று யார் சொல்லி வைத்தார்களோ, பேசாமல் இருக்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய கொடுமை வேறில்லை.

மீட்டிங் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். அவன் கத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவன் மெதுவாகப் பேசினான்.

"நேத்து ராத்திரி என் பதவி உயர்வுக்கு இன்டர்வியூ அண்ணி. கெடைச்சதும் உங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்னு யாருக்கும் சொல்லாம வெச்சிருந்தேன். பாதியில கட்டாயிடுச்சு. மாடிக்கு ஓடிப்போய் தொட்டி பக்கத்துல நின்னு பேசினா, தண்ணி விழுற சத்தத்தைக் கேட்டுட்டு, 'கப்பல்ல இருக்கீங்களா'ன்னு கேக்குறாங்க..." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நான் இருக்கறது கஷ்டமா இருந்தா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி. நானே போயிருப்பேனே."

அவள் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவன் பள்ளிக்கூடப் பையன். வளர வளர அவன் கால்சட்டைகளின் மடிப்பை அவிழ்த்து அவிழ்த்து நீளமாக்கிக் கொடுத்தவள் அவள். அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்துவிட்டது. கணவரைப் பார்த்தாள். அவர் அக்காவுக்கு முன்னால் வாயில்லாப் பூச்சி. நுரை காய்ந்த முகத்தோடு ஒரே ஒரு வாக்கியம் பேசினார்.

"நீ போய் இப்படிப் பண்ணுவேன்னு நான் நினைக்கவே இல்ல."

பேசாமலே இருந்திருக்கலாம்.

உண்மை வேறெங்கோ இருந்தது. பல்கலைக்கழகத்தில், பரீட்சைக் கூடத்தில், ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தது.

இருபது வயதாகியும் பாப்பா என்றே கூப்பிடப்படும் மகள், முதல் வருஷம் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள். இரண்டாம் வருஷத்தில் அவள் ஒரே பேன்ட்டை இடுப்பில் பிடித்துத் தரச்சொல்லித் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தாள். மற்றவர்கள், "பொண்ணு ஸ்லிம் ஆயிட்டா" என்று மெச்சினார்கள். அளவு நாடாவைச் சுற்றிப் பார்த்த அம்மாவுக்குப் பகீரென்றது. ஒரு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், மெஷின் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டாள்.

"யாருடி அவன்?"

"எவன்?"

"சாப்பாடு இறங்கல, தூக்கம் இல்ல, எந்நேரமும் கையில போன். எனக்குத் தெரியாதா? சொல்லு, நான் திட்டமாட்டேன்."

"அப்படி யாராவது இருந்தாத் தேவலையேம்மா..." என்று சிரித்த பாப்பா, சிரித்த வாயோடு அழத் தொடங்கினாள். "யாருமே இல்லம்மா. வெறும் போன்தான். ஒண்ணு பார்ப்பேன், அடுத்தது வரும், அதுக்கடுத்தது வரும். நிறுத்தணும்னு நினைக்கிறேன், கை நிக்கமாட்டேங்குது. விடிஞ்சதுக்கப்புறம்தான் தூங்குறேன். கிளாஸுக்குப் போய் மாசக்கணக்காச்சு. பரீட்சை நடந்துச்சு... நான் போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு மத்தவங்க எழுதிட்டு வந்து போட்ட போட்டோவைப் பார்த்துட்டிருந்தேன். நான் எதுக்கும் லாயக்கில்லம்மா. சில நாள் எழுந்திரிக்கவே பிடிக்கல."

எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்ற வார்த்தையைத் தையலக்கா அப்படியே விட்டுவிடவில்லை. மறுநாளே மகளோடு பல்கலைக்கழகத்துக்குப் போய் மனநல ஆலோசகரின் அறை வாசலில் நின்றாள். அம்மாதான் வளர்த்துக் கெடுத்தாள் என்று திட்டு விழும் என்று பயந்துகொண்டே போனாள். அந்தம்மா திட்டவில்லை. பாப்பாவோடு தனியாக நெடுநேரம் பேசினார். பிறகு இவளையும் உள்ளே கூப்பிட்டார்.

"நிறைய பிள்ளைங்க இப்படி வர்றாங்க. இது சோம்பேறித்தனம் இல்ல. மனசு சோர்ந்துபோய் ஒளிஞ்சுக்க எடம் தேடுது, அவ்வளவுதான். வாராவாரம் இங்க வரட்டும். வீட்டுல நீங்க புடுங்கி வைக்காதீங்க. என்ன நிறுத்தணும்னு அவளே சொல்லட்டும், நீங்க காவல் மட்டும் இருங்க."

அவர் சட்டைக் கையில் தையல் விட்டிருந்தது. அதைத் தைத்துக் கொடுக்கவேண்டும்போல் தையலக்காவுக்கு அவ்வளவு நன்றி பொங்கியது.

பாப்பா அன்றைக்கே தன் போனிலிருந்த இன்டர்நெட்டை நிறுத்திவிட்டாள். படிக்க லேப்டாப் வேண்டும், அதற்கு வீட்டு வைஃபை. பாஸ்வேர்டை எப்படி மாற்றினாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள். "ராத்திரியில அடாப்டரையே கழட்டி ஒளிச்சு வெச்சிடும்மா. எனக்கே தெரியாத எடத்துல வை. கேட்டாலும் தராத, அழுதாலும் தராத. யார்கிட்டயும் சொல்லாதம்மா, ப்ளீஸ். அப்பாவுக்குத் தெரிஞ்சா அத்தைக்குத் தெரியும், அத்தைக்குத் தெரிஞ்சா உலகத்துக்கே தெரியும். பரீட்சையைத் திரும்ப எழுதி முடிச்சதும் நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்."

கேட்டாள், அழுதாள். அம்மா தரவில்லை. கை பரபரக்கும்போது, பிரிக்கவேண்டிய பழைய துணி எதையாவது மடியில் போட்டுவிடுவாள். பாப்பா தையல் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே தூங்கிப்போவாள். ஒரு சட்டையில் பிரிக்கக் கூடாத கையையும் சேர்த்துப் பிரித்துவிட்டாள், அது வேறு கதை. இரண்டாவது வாரம் தானாக எழுந்து பல் துலக்கிக்கொண்டு வந்து, "பசிக்குதும்மா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகத் தையலக்கா எத்தனை பேச்சு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகிவிட்டாள். 'உன் இஷ்டம் தம்பி' என்று சொன்னபோதுகூட அவள் மனசு அந்தப் பசியிலேயேதான் இருந்தது. அவன் என்ன கேட்டான் என்றே காதில் விழவில்லை.

இதெல்லாம் தெரியாத மீட்டிங் தன் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். நாத்தனார் கூடத்தில் உட்கார்ந்து அவருடைய சித்தி மகளுக்குப் போன் போட்டு, "கேட்டியா அநியாயத்தை..." என்று தொடங்கியிருந்தார். அது இனி சாயங்காலத்துக்குள் எட்டுத்திசைக்கும் போய்விடும்.

"அண்ணி, இந்தப் பெட்டி ஜிப்பு..." என்று பழக்க தோஷத்தில் உள்ளேயிருந்து ஒரு குரல் கிளம்பி, பாதியில் நின்றது.

தையலக்கா எழுந்து போனாள். அவனைப் பார்க்காமல் பெட்டியின் முன்னால் மண்டியிட்டாள். குறட்டால் ஜிப்பின் தலையை லேசாக அழுத்தி, பல்லில் மெழுகு தேய்த்து, முன்னும் பின்னும் இழுத்துவிட்டாள். தன் வீட்டைவிட்டு அவன் போகிற பெட்டிக்குத் தானே ஜிப் சரிசெய்து கொடுக்கவேண்டியிருக்கிறதே என்று நினைத்ததும், அதுவரை அடக்கி வைத்த அழுகை பெட்டிமேல் சொட்டிவிட்டது.

"போகாத தம்பி."

"ஏன் அண்ணி அப்படிப் பண்ணீங்க? காரணம் மட்டும் சொல்லுங்க. அது எதுவா இருந்தாலும் பரவால்ல."

"மத்தியானம் வரைக்கும் பொறு. அதுக்குமேல எதுவும் கேக்காத."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பெட்டியை வாசலில் கொண்டுபோய் வைத்தான். ஆனால் போகவில்லை. அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான். வீட்டுக்காரரும் கடைக்குப் போகாமல், இல்லாத கண்ணாடியைத் தேடுகிறவர்போல அறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார்.

மத்தியானம் பாப்பா வந்தாள். கேட்டைத் திறக்கும்போதே குதிப்பு.

"அம்மா! எழுதிட்டேன்! எல்லாக் கேள்வியும் எழுதிட்டேன்மா! பேப்பர் பத்தல, கூடக் கேட்டு வாங்கினேன்!" வாசலிலேயே நின்றுவிட்டாள். "சித்தப்பா... ஊருக்கா போறீங்க? பெட்டி எதுக்கு?"

"கேளு, உங்கம்மாவைக் கேளு!" நாத்தனார் எழுந்து வந்தார். "உங்க சித்தப்பனை வீட்டை விட்டுத் தொரத்த ஒரு மாசமா அடாப்டரைத் திருடி ஒளிச்சு வெச்சிருக்கா, மகராசி!"

பாப்பாவின் கையிலிருந்த பை நழுவியது. அம்மாவைப் பார்த்தாள். வீங்கிய கண்ணோடு நின்ற அம்மா, வேண்டாம் என்பதுபோலத் தலையை லேசாக ஆட்டினாள். அப்போதுகூட!

"நீ சொல்லவே இல்லையாம்மா? இவ்வளவு பேச்சு கேட்டுமா சொல்லல?"

"நீதானே சொல்றேன்ன..." என்றாள் தையலக்கா. "பரீட்சை எழுதிட்டு வா, மத்ததெல்லாம் அப்புறம்னு இருந்துட்டேன்."

பாப்பா சொன்னாள். நின்றுகொண்டே, குரல் நடுங்க நடுங்க, விட்ட பரீட்சையிலிருந்து ஆலோசகர் அறை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். "அம்மாவா கழட்டல. நான்தான் கெஞ்சிக் கழட்டச் சொன்னேன். திருடினது யாருன்னா நான்தான் அத்தை... உங்க தொடரு, சித்தப்பா மீட்டிங்கு எல்லாம் நான் திருடினதுதான். அம்மாவைத் திட்டாதீங்க. எங்கம்மா இல்லேன்னா இந்நேரம் நான் போர்வைக்குள்ளயேதான் கிடந்திருப்பேன்."

மீட்டிங் பெட்டியை விட்டு எழுந்து அண்ணி முன்னால் வந்து நின்றான். "அண்ணி... என்னைப் பளார்னு ஒண்ணு அறைஞ்சிடுங்க. உங்களைப் போய் நான்..." பாப்பாவின் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். "லூசு! என்கிட்ட சொல்லியிருந்தா அம்மா ஏன் சோப்புக்குள்ள கையை விடணும்? நேரம் வெச்சு தானா ஆஃப் ஆகுற மாதிரி நானே செஞ்சு குடுத்திருப்பேனே!"

"நேத்து ராத்திரியும் உங்க மீட்டிங் கெட்டுப்போச்சா சித்தப்பா?"

"அது என் பதவி உயர்வு இன்டர்வியூ. திங்கக்கிழமை திரும்ப வைக்கறாங்களாம், இப்பதான் மெயில் வந்துச்சு. தொட்டியை மூடி வெச்சுட்டுப் பேசச் சொல்லியிருக்காங்க."

அழுகைக்கு நடுவே முதல் சிரிப்பு கிளம்பியது. வீட்டுக்காரர் மனைவியின் பக்கத்தில் வந்து நின்றார். "எனக்குப் பார்வை சரியில்ல" என்றார். அது கண்ணைப் பற்றிச் சொன்னதல்ல என்று அவளுக்குப் புரிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாத்தனார் மட்டும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "அத்தைக்குத் தெரிஞ்சா உலகத்துக்கே தெரியும்னு பயந்தியாடி?"

பாப்பா தலை குனிந்தாள்.

"சரியாத்தான் பயந்திருக்க. சொல்லியிருப்பேன்." அவர் சால்வை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அவ்வளவு நாளும் யாரும் கேட்டிராத ஒரு குரலில், "இப்போ தூக்கம் வருதாம்மா உனக்கு?" என்று கேட்டார்.

"வருது அத்தை."

"அது போதும்."

அப்போது பார்த்துப் போன் அடித்தது. சித்தி மகள்தான். காலையில் கேட்டதை ஊரெல்லாம் பரப்பிவிட்டு மீதிக் கதைக்காகக் கூப்பிடுகிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பாப்பாவின் முகம் வெளுத்தது. நாத்தனார் அவளைப் பார்த்தார், தையலக்காவைப் பார்த்தார், போனை எடுத்தார்.

"ம்... சொல்லு. என்னது, பெட்டியோட போயிட்டானாவா? எங்கயும் போகல. நான் காலைல சொன்னது அத்தனையும் தப்பு. ஆமாடி, தப்பு! அந்த அடாப்டரைக் கழட்டி சோப்பு டப்பாவுல போட்டதே நான்தான்... தொடைக்கறேன்னு கழட்டினேன், எங்க வெச்சேன்னு மறந்துட்டேன். வயசாகலையா எனக்கு? தினமும் அப்படித்தான், மறந்து மறந்து வெச்சிருக்கேன். பாவம், அந்தப் பொண்ணு எனக்காகப் பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட்டு வாயத் தொறக்காம நின்னா. நான் என்ன பேச்சு பேசிட்டேன்..." குரல் உடைந்தது, செருமிச் சரிசெய்துகொண்டார். "எனக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு சொல்லிக்கோ. எல்லார்கிட்டயும் சொல்லு. ஆனா என் தம்பி பொண்டாட்டியைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை பேசினாங்க... நான் நேர்லயே வருவேன்!"

போனை வைத்தார். ஊருக்கெல்லாம் மற்றவர் குறையைச் சொல்லியே பழகிய மனுஷி, இல்லாத குறையை எடுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டார். இனி எந்த விசேஷத்துக்குப் போனாலும், "வந்துட்டா மறதிக்காரி" என்று நாலு பேர் சிரிப்பார்கள். அது அவருக்கும் தெரியும்.

"அக்கா..." என்று ஓடிவந்து தையலக்கா அவரைக் கட்டிக்கொண்டாள்.

"விடுடி, மூச்சு முட்டுது" என்றார் நாத்தனார். சொன்னாரே தவிர, தையலக்காவின் முதுகைச் சுற்றியிருந்த கையை அவர் எடுக்கவில்லை.